பிஸ்கட் டப்பாவில் 22 விண்வெளி பேட்ச்கள்: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் பெரியப்பா 1971 தொடக்கத்திலிருந்து 1987 வரை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஓர் எண்ணெய் கம்பெனியில் பொறியாளராக இருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் விண்வெளிப் பயணங்களின் பேட்ச்களை, அதாவது அந்தந்தப் பயணத்தின் சின்னம் போட்டு உடையில் தைக்கும் துணி வில்லைகளை, வாங்கி வருவார். போன வருடம் அவர் காலமானார். பெரியம்மா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். மொத்தம் 22 இருக்கின்றன. ஃப்ரெண்ட்ஷிப் 7, அப்பல்லோ 11, 12, 13, ஸ்கைலேப், சேலஞ்சர் எல்லாம் உண்டு. கொலம்பியா விண்ணோடத்தின் முதல் பயணப் பேட்ச் மட்டும் மூன்று. ஒன்றில் மட்டும் நூல் வேலையே இல்லை. வெள்ளைத் துணியில் மூன்று பறவை மாதிரி அச்சடித்து ஸ்காட், வோர்டன், இர்வின் என்று பெயர் போட்டிருக்கிறது. மட்டமான நகல் போலத் தெரிகிறது. எதிர்வீட்டுக்காரர் கொடுத்தது என்று பெரியப்பா சொன்னதாக ஞாபகம். அந்த எதிர்வீட்டுக்காரர் நாசாவுக்கு வேலை செய்த ஒரு கம்பெனியில் இருந்தாராம்.

இணையத்தில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் மொத்தத்தையும் 15,000 ரூபாய்க்குக் கேட்கிறார். அச்சடித்ததைச் சும்மா சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார். நிலாவுக்குப் போய் வந்த பேட்ச் ஒன்றைச் சான்றிதழோடு 60,000 ரூபாய்க்கு எனக்குத் தருவதாகவும் சொல்கிறார். 11 வயது மகனோ, ஒரு பேட்சைப் பள்ளிப் பையில் தைத்துத் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான். இவற்றுக்கு உண்மையில் என்ன அர்த்தம், என்ன மதிப்பு? நம் நாட்டவர் போன பயணங்களின் பேட்ச்களையும் அவனுக்கு வாங்கித் தரலாமா?
ஒரு வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த அச்சடித்த பேட்சை டப்பாவிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். மடிக்க வேண்டாம், துவைக்க வேண்டாம், இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். அதைச் சும்மா சேர்த்துக் கொடுக்கச் சொன்னவருக்கு இப்போதைக்குப் பதில் போடாதீர்கள்.

நூல் வேலை செய்ததுதான் அசல், அச்சடித்தது மலிவு என்றுதான் யாருக்கும் தோன்றும். பள்ளிச் சீருடையிலும் போலீஸ் சட்டையிலும் நாம் பார்த்துப் பழகியது அப்படி. நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் விஷயத்தில் இது தலைகீழ்.

1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. கஸ் கிரிஸம், எட் ஒயிட், ராஜர் சாஃபி மூவரும் உள்ளேயே இறந்துபோனார்கள். கலத்துக்குள் நிரப்பியிருந்தது சுத்தமான ஆக்சிஜன். நைலான் வலை, வெல்க்ரோ பட்டை என்று எரியக்கூடிய சாமான்களும் நிறைய இருந்தன. அதற்குப் பிறகு கலத்துக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் ‘இது எரியுமா’ என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். சாதாரண நூலில் செய்த பேட்ச் எரியும். அதனால் வீரர்களின் உடைக்கு மேல்துணியாக வந்த பீட்டா துணியிலேயே சின்னத்தையும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து தைத்தார்கள். மிக நுண்ணிய கண்ணாடி இழைகளால் ஆகி, டெஃப்லான் பூச்சு ஏற்றிய துணி அது. தீயில் பற்றாது. 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகவே ஆரம்பிக்கும்.

ஆக, நிலவில் நடந்தவர்கள் நெஞ்சில் அணிந்திருந்தது அச்சடித்த பேட்ச்தான். உங்கள் டப்பாவில் இருக்கும் பூவேலைப் பேட்ச்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த வகை எதுவும் நிலவுக்குப் போன அப்பல்லோ உடையில் தைக்கப்பட்டதில்லை.

இதைப் படித்ததும் கையில் புதையல் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பீட்டா துணியில் அச்சடித்த சின்னங்கள் வீரர்களுக்கு மட்டும் போனவை அல்ல. நாசா ஊழியர்கள், ஒப்பந்தக் கம்பெனிகளின் ஆட்கள், அவர்களுடைய வீட்டார் என்று பலருக்கும் நினைவாகக் கொடுத்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது உண்மையிலேயே பீட்டா துணி என்றால் அந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது, ஸ்காட், வோர்டன், இர்வின் மூவரும் போன அப்பல்லோ 15 புறப்பட்ட 1971 ஜூலை வாக்கில், அந்த வேலையோடு தொடர்புள்ள ஒருவர் கையில் இருந்து, உங்கள் பெரியப்பா கைக்கு வந்தது. நிலவுக்குப் போனதல்ல. ஆனாலும் கடையில் விற்ற நினைவுப் பொருளைவிடப் பல படி மேல். பிற்காலத்தில் சாதாரணத் துணியில் அடித்த நகலாகவும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் அதை நான் உறுதி செய்ய முடியாது.

நீங்களே ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சேலத்தில் ஜவுளிக்காரர்களிடம் இழை எண்ணும் லென்ஸ் இருக்கும். அதை வாங்கி, பேட்ச்சின் ஓரத்தை வெயில் படாத வெளிச்சத்தில் பாருங்கள். பருத்தி இழையில் மெல்லிய மயிர் போலப் பிசிறு தெரியும். பீட்டா துணியின் இழை வழவழப்பாக, மினுமினுப்பாக இருக்கும். வெட்டிய ஓரத்தில் கண்ணாடிச் சிலும்பு போல நுனிகள் துருத்திக்கொண்டு நிற்கும். வெறும் விரலால் தடவாதீர்கள், குத்தும். தடவத் தடவ இழையும் உடையும். மடிக்க வேண்டாம் என்று சொன்னதும் அதனால்தான். கண்ணாடி இழை மடிப்பில் முறிந்துவிடும், பிறகு அந்தக் கோட்டை யாராலும் சரிசெய்ய முடியாது. ஒரு மூலையில் தீக்குச்சி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அசலாக இருந்தாலும் கரி பிடித்து அச்சு பாழாகும், நகலாக இருந்தால் வீட்டில் நெருப்பு.

இனி அர்த்தத்துக்கு வருகிறேன். மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கதை தெரிந்தால்தான் விளங்கும்.

விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான வாலன்டீனா தெரஷ்கோவா 1963 ஜூனில் பறந்தபோது, அவருடைய விண்வெளி உடையில் வெள்ளைப் புறா ஒன்றைப் பூவேலையாகத் தைத்திருந்தார்கள். மேலே ஆரஞ்சு நிற உறை போட்டிருந்ததால் அது வெளியே தெரியவில்லை. அமெரிக்காவில் இந்த வழக்கம் 1965 ஆகஸ்டில், ஜெமினி 5 பயணத்தில் தொடங்கியது. அதற்கு முன், ஆளை விண்வெளிக்கு அனுப்பிய அமெரிக்காவின் முதல் திட்டமான மெர்க்குரியின் வீரர்கள் தங்கள் கலத்துக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். அடுத்து வந்த ஜெமினி திட்டத்தின் காலத்தில் பெயர் வைக்கக் கூடாது என்று மேலிடம் நிறுத்திவிட்டது. ஜெமினி 5-இன் தலைவர் கார்டன் கூப்பருக்கு அது மனக்குறை. விமானப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பேட்ச் உண்டே, அதுபோல நமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். கூடப் போகவிருந்தவர் பீட் கான்ராட். இருவரும் சேர்ந்து, அமெரிக்க மேற்குப் பகுதிக்குக் குடியேறப் போனவர்களின் கூண்டு வண்டியைச் சின்னமாக வரைந்தார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் ‘போய்ச் சேருவோம், இல்லாவிட்டால் ஒழிவோம்’ என்கிற பாணியில் வாசகம் எழுதுவார்கள். அதையே இவர்களும் எடுத்துக்கொண்டு, ‘எட்டு நாள், இல்லாவிட்டால் தோல்வி’ என்ற பொருளில் வண்டியின் மேல் எழுதிவிட்டார்கள்.

நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு அது பிடிக்கவில்லை. எட்டு நாளுக்கு முன்பே திரும்ப வேண்டி வந்தால் பத்திரிகைகள் அந்த வார்த்தையையே பிடித்துக்கொள்ளும் என்று பயந்தார். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பேட்ச் இருக்கலாம், ஆனால் பயணம் முடியும்வரை அந்த வாசகத்தின் மேல் ஒரு துண்டுத் துணியைத் தைத்து மறைக்க வேண்டும். அப்படியே மறைத்துக்கொண்டு போனார்கள். 7 நாள் 22 மணி 55 நிமிடம் விண்வெளியில் இருந்தார்கள். நாசாவின் எல்லாப் பேட்ச்களுக்கும் மூத்தது அதுதான்.

உங்கள் ஃப்ரெண்ட்ஷிப் 7 பேட்ச் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஜான் க்ளென் 1962 பிப்ரவரி 20 அன்று பூமியைச் சுற்றிய கலம். ஜெமினி 5-க்கு மூன்றரை வருடம் முந்தையது. அப்போது பேட்ச் என்ற வழக்கமே கிடையாது. க்ளென் அப்படி எதையும் அணிந்ததில்லை. மெர்க்குரி பேட்ச்கள் எல்லாமே ரசிகர்களுக்காகப் பிற்பாடு உருவாக்கப்பட்டவை. இதை வைத்து யாராவது ‘க்ளென் அணிந்த வகை’ என்று பேசினால், அவருக்கு இந்தத் துறை தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அப்பல்லோ பேட்ச்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்பல்லோ 12-இல் கப்பல் ஒன்று நிலவைச் சுற்றுவது போல இருக்கும். மூவரும் கடற்படைக்காரர்கள். நட்சத்திரங்களை எண்ணச் சொல்லுங்கள், நான்கு இருக்கும். போனவர்கள் மூன்று பேர்தான். நான்காவது, கிளிஃப்டன் வில்லியம்ஸுக்காக. முதலில் அந்தக் குழுவில் இருந்தவர் அவர். 1967-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவருடைய இடத்துக்கு வந்த ஆலன் பீன், அந்த நட்சத்திரம் பேட்ச்சில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். எத்தனையோ பேட்ச்களைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டேன், இதைப் பார்க்கும்போது மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.

அப்பல்லோ 11, 13 இரண்டிலும் பெயர்களே இல்லை, கவனித்தீர்களா? 11-இல் அது வேண்டுமென்றே செய்தது. நிலவில் இறங்குவது மூன்று பேரின் வேலை மட்டும் இல்லை என்று அந்த மூவருமே நினைத்தார்கள். அவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் ஒரு பறவைப் புத்தகத்தில் இருந்த கழுகை மேலே தாள் வைத்து வரைந்து எடுத்தார். அமைதிக்கு அடையாளமான ஆலிவ் கிளை முதலில் அதன் அலகில்தான் இருந்தது. விரித்த நகங்களோடு கழுகு நிலவில் இறங்குவது மிரட்டலாகத் தெரிகிறது என்று மேலதிகாரிகள் சொன்னதால் கிளையைக் காலுக்கு மாற்றினார்கள். எண்ணை எழுத்தால் எழுதாமல் இலக்கமாகவே போடச் சொன்னவர் ஆர்ம்ஸ்ட்ராங். எந்த மொழிக்காரருக்கும் புரியட்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பேட்ச்சில் பூமியின் மேல் நிழல் விழும் பக்கம் சரியில்லை. அது அசல் ஓவியத்திலேயே இருக்கும் பிழை. இதைக் காட்டி உங்கள் பேட்ச் போலி என்று யாராவது விலையைக் குறைத்தால் ஏமாறாதீர்கள்.

13-இல் மூன்று குதிரைகள், கீழே ‘நிலவிலிருந்து அறிவு’ என்ற பொருளில் லத்தீன் வாசகம். பெயர் போடாதது அங்கே வேறு விதத்தில் கைகொடுத்தது. அந்தக் குழுவில் இருந்த கென் மேட்டிங்லிக்கு ஜெர்மன் அம்மை தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், புறப்படச் சில நாட்களே இருக்கும்போது அவரை விலக்கிவிட்டு ஜாக் ஸ்விகர்ட்டைச் சேர்த்தார்கள். பேட்ச்சில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று உங்கள் டப்பாவில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீயில் இறந்த அந்த அப்பல்லோ 1 குழுவின் பேட்ச் ஒன்றை ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதே பையில் சோவியத் வீரர்கள் ககாரின், கொமரோவ் இருவரின் பதக்கங்களும் இருந்தன. அது இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அதற்கு யாரும் விலை போட முடியாது.

ஸ்கைலேப் பேட்ச் பற்றி ஒரு வார்த்தை. அதில் கான்ராட், கெர்வின், வைட்ஸ் என்ற பெயர்களோடு ரோமன் எண் 1 இருந்தால், அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். நாசாவின் கணக்கில் ஆள் இல்லாமல் 1973 மே 14 அன்று ஏவிய விண்வெளி நிலையமே ஸ்கைலேப் 1. முதலில் போன குழு ஸ்கைலேப் 2. ஆனால் குழுவினர் தங்களை 1, 2, 3 என்றே எண்ணிக்கொண்டு பேட்ச் செய்தார்கள். எண் மாறியிருப்பதே அதன் இயல்பு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தப் பேட்சைக் காட்டுங்கள். 1979 ஜூலையில் ஸ்கைலேப் தலையில் விழப்போகிறது என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சேலஞ்சர் பேட்ச்சில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சின்ன ஆப்பிள் இருக்கும். அது கிறிஸ்டா மெக்ஆலிஃப், பள்ளி ஆசிரியை. 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73-ஆவது நொடியில் சேலஞ்சர் விண்ணோடம் வானிலேயே சிதறி, போன ஏழு பேரும் இறந்தார்கள். உங்கள் பெரியப்பா அப்போது ஹூஸ்டனில்தான் இருந்திருக்கிறார். அந்த ஏழு பேரும் பயிற்சி பெற்ற ஊர் அது. எந்த மனநிலையில் அதை வாங்கினாரோ. சந்தையில் அந்தப் பேட்ச் அரிதானது இல்லை, விபத்துக்குப் பிறகு ஏராளமாகச் செய்து விற்றார்கள். இதை நீங்கள் விற்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம்.

உங்கள் 22-இல் 21 பேட்ச்கள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கடையில் விற்ற நினைவுப் பொருள்கள். வடக்குக் கரோலினா மாநிலத்தில் வீவர்வில் என்ற ஊரிலுள்ள ஏபி எம்ப்ளம் என்ற கம்பெனி 1970-களின் தொடக்கத்திலிருந்து நாசாவுக்குப் பேட்ச் செய்து கொடுக்கிறது. அதே பழைய வடிவங்களை இன்றும் செய்து விற்கிறது. இன்று அங்கே ஒன்று வாங்க சில டாலர்தான் ஆகும். அப்படியிருக்க, அதே வடிவத்தின் பழைய பிரதி என்பதற்காக மட்டும் பெரிய விலை கிடைத்துவிடாது. 1970-களில் செய்தது என்று காட்ட முடிந்தால் கொஞ்சம் கூடும். பின்பக்கத்தைப் பாருங்கள். நூல் முடிச்சுகள் வெறுமனே தெரிந்தால், அல்லது வலைத்துணி ஒட்டியிருந்தால், பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் பெரும்பாலும் பிந்தியது. இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விதியாக அல்ல. புற ஊதா விளக்கில் மின்னினால் புதியது என்று சிலர் சொல்வார்கள். வெண்மை கூட்டும் சாயங்கள் 1960-களிலேயே நூலில் இருந்தன, அதனால் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. அப்பல்லோ காலத்துப் பேட்ச்களில் மேரிலாந்தைச் சேர்ந்த லயன் பிரதர்ஸ் செய்தவற்றை, குறிப்பாகப் பின்னால் அவர்களுடைய முத்திரை உள்ளதை, சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். 11, 12, 13 மூன்றையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

அந்த ஆள் கேட்ட விலையைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். அச்சடித்ததை விட்டுவிட்டால், 21-க்கு 15,000 என்பது ஒன்றுக்கு ஏறக்குறைய 714 ரூபாய். கடை நினைவுப் பொருளுக்கு அது மோசமான விலை இல்லை. சும்மா கேட்டாரே அந்த ஒன்று, அங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவர் தெரிந்தே கேட்டிருக்கலாம், தெரியாமலும் கேட்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் உங்களுக்கு அவசரம் இல்லை.

அவர் விற்பதாகச் சொல்லும் நிலாவுக்குப் போன பேட்ச் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: வாங்காதீர்கள்.

விண்வெளிக்குப் போய்வந்த பொருளைச் சேகரிப்பவர்கள் ‘ஃப்ளோன்’ என்பார்கள். பேட்ச் உலகில் விலையைத் தலைகீழாக மாற்றுகிற ஒரே சொல் அதுதான். போன பேட்சும் போகாத பேட்சும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் துணியில் இல்லை, அது வந்த வழியில் இருக்கிறது. யார் கொண்டுபோனார், யாரிடம் கொடுத்தார், அவரிடமிருந்து யாருக்கு வந்தது, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் என்ன எழுத்து இருக்கிறது என்பதுதான் விலை. 2015-இல் அமெரிக்க அரசு ஏலத்தில் ஒரு பெண் 995 டாலருக்கு ஒரு பை வாங்கினார். அது அப்பல்லோ 11-இல் நிலவின் மண்ணைக் கொண்டுவந்த பை என்பது பிறகு உறுதியானது. வழக்கெல்லாம் முடிந்து 2017-இல் சதபீஸ் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போனது. துணி அதே துணிதான். வந்த வழி தெளிவானது, அவ்வளவுதான். 2022-இல் ஆல்ட்ரின் நிலவுப் பயணத்தில் அணிந்த மேலங்கி 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. விற்றவர் ஆல்ட்ரினே. அதைவிடத் தெளிவான வந்த வழி இருக்க முடியாது. அதன் நெஞ்சிலும் அச்சடித்த பீட்டா பேட்ச்தான் இருக்கிறது.

அப்பல்லோ வீரர்கள் தங்களிடம் வைத்திருந்த பொருள்கள் அவர்களுக்கே சொந்தமா, அரசுக்கா என்ற தகராறு பல காலம் இருந்தது. 2012-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, மெர்க்குரி முதல் அப்பல்லோ-சோயுஸ் வரை போனவர்களுக்கு அவை சொந்தம் என்று சொல்லிவிட்டது. அதனால் உண்மையான ஃப்ளோன் பேட்ச்கள், போன வீரரின் கையெழுத்துக் கடிதத்தோடு, பெயர் பெற்ற ஏல நிறுவனங்கள் வழியாக வருகின்றன. அப்பல்லோ பேட்ச் ஒன்று அப்படி வந்தால் 60,000 ரூபாய்க்குக் கிடைக்காது. விலை மலிவாக இருப்பதே இங்கே கெட்ட சகுனம்.

சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு சான்றிதழை நம்பி ஒரு பேட்ச் வாங்கினேன். கெட்டித்தாள், தங்க முத்திரை, விண்வெளி வீரரின் கையெழுத்து எல்லாம் இருந்தது. அந்தக் கையெழுத்தை வேறொரு படத்தில் இருந்த கையெழுத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. மனிதன் இரண்டு முறை அப்படிப் போட முடியாது. இயந்திரம் போட்ட கையெழுத்து அது. அந்தக் காலத்தில் ரசிகர்களுக்கு அனுப்பும் படங்களில் ஆட்டோபென் என்ற இயந்திரத்தால் கையெழுத்துப் போடுவது சாதாரணம். அதைச் சான்றிதழில் யாரோ ஒட்டிவிட்டார்கள். போன பணம் போனதுதான். அந்தச் சான்றிதழை இன்னும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அப்பல்லோ 15 என்றால் கூடுதல் எச்சரிக்கை. அந்தப் பயணத்தில் வீரர்கள் அனுமதி பெறாமல் 398 அஞ்சல் உறைகளைக் கொண்டுபோனார்கள். அவற்றில் 100 ஜெர்மனியில் ஒரு தபால்தலை வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்தது. 1972-இல் விஷயம் வெளியே வந்தது. மூவரும் கண்டிக்கப்பட்டார்கள், யாரும் மறுபடி விண்வெளிக்குப் போகவில்லை. அதன் பிறகு என்ன எடுத்துப்போகிறோம் என்பதில் நாசாவின் கட்டுப்பாடு இறுகியது. அந்தப் பயணத்தின் பெயர் சொல்லி வரும் எந்தப் பொருளையும் வாங்குபவர்கள் மிகக் கூர்ந்து பார்ப்பார்கள். உங்கள் பேட்சை நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும், ‘எதிர்வீட்டுக்காரர் கொடுத்தது’ என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தால் நல்லது.

பாதுகாப்பு எளிதுதான். பிஸ்கட் டப்பா வேண்டாம், துருப்பிடிக்கும். லேமினேட் செய்துவிடாதீர்கள், சூட்டில் போன அழகு திரும்பாது. கடையில் கிடைக்கும் மெல்லிய பிவிசி உறைகளில் போட்டால் நாளடைவில் பிசுபிசுத்து நூலில் ஒட்டும். கஞ்சி போடாத, நன்றாக அலசிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கி, மேலே அதே துணியால் மூடி, ஓர் அட்டைப்பெட்டியில் வையுங்கள். அந்துருண்டையும் வேப்பிலையும் நேராகப் படக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவராக இருக்கட்டும், பூவேலை நூலின் சாயம் வெளுத்துவிடும். பீட்டா பேட்சுக்கு மட்டும் தனி அட்டை, தட்டையாக.

மகனுக்குத் தைத்துக் கொடுங்கள். தயங்கவே வேண்டாம். கொலம்பியாவின் முதல் பயணப் பேட்ச் மூன்று இருக்கிறதே, அதில் ஒன்று. 1981 ஏப்ரல் 12, யூரி ககாரின் போய்ச் சரியாக 20 வருடம் ஆன அதே நாளில் கிளம்பிய கலம். ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் என்று இரண்டே பேர் போனார்கள். இஸ்திரி வைத்து ஒட்டாமல், ஓரத்தைச் சுற்றிக் கையால் தையுங்கள், பை கிழிந்தாலும் பிரித்து எடுக்கலாம். பேட்ச் என்பதே போட்டுக்கொள்வதற்காகப் பிறந்த பொருள். மூன்றையும் பெட்டியில் பூட்டுவதைவிட ஒன்று அவன் முதுகில் ஊர் சுற்றினால் உங்கள் பெரியப்பாவுக்கும் பிடித்திருக்கும்.

நம் நாட்டவர் போன பயணங்களின் பேட்ச்களை வாங்கலாம், விலை ஏறும் என்ற எண்ணமில்லாமல் வாங்குங்கள். கல்பனா சாவ்லாவின் முதல் பயணமான 1997-இன் எஸ்டிஎஸ்-87 (எஸ்டிஎஸ் என்பது விண்ணோடப் பயணங்களுக்கு நாசா வைத்த வரிசைப் பெயர்) பேட்ச் விண்வெளித் தலைக்கவசத்தின் வடிவில் இருக்கும். 2003-இல் திரும்பி வராத எஸ்டிஎஸ்-107 பேட்ச், விண்கலத்தின் வடிவிலேயே வெட்டியது. அதில் புறா என்று பெயர் கொண்ட நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது, ஏழு பேருக்கு ஏழு நட்சத்திரம். இரண்டுமே எளிதாகக் கிடைக்கும். 1984-இல் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11-இல் போனார், 41 வருடம் கழித்து 2025-இல் சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம் 4-இல் போனார். அந்தப் பயணங்களின் பேட்ச் என்று வருவதை வாங்குமுன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை யார், எப்போது செய்தார்கள்? நேர்மையான வியாபாரி ‘நினைவுப் பொருள்தான்’ என்று உடனே சொல்லிவிடுவார்.

கடைசியாக, இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரியம்மாவுக்குப் போன் செய்யுங்கள். முடிந்தால் நேரில் போங்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு. பேட்ச்களை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து, அவர் சொல்வதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஹூஸ்டனிலிருந்து வந்த ஏரோகிராம்கள், பழைய போட்டோக்கள், பின்னால் எழுதிய ஸ்டூடியோப் படங்கள் எதையும் தூக்கிப் போட வேண்டாம். எந்தத் தெருவில் இருந்தீர்கள், அந்த எதிர்வீட்டுக்காரர் பெயர் என்ன, எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார், அந்த வெள்ளைத் துணியை அவர் கொடுத்த அன்று என்ன சொன்னார் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும், பேட்ச்சின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றையும் ஓர் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.